சிறப்புத் தோற்றத்தில் என் அண்ணன்

என் அண்ணன் அந்தோனியை நான் கடைசியாகப் பார்த்தது ஒரு தொலைக்காட்சித் தொடரில். அவன் கடலோடு போய்விட்டான் என்று நாங்கள் அழுது முடித்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

அது ஒரு ஞாயிறு பின்னேரம். தாராபுரத்தில் மீரான் நானாவின் வீட்டு விறாந்தையில் பாய் விரித்து, நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். பெட்டிக்குள் ஓர் ஓடக்காரன் தன் குடிசையிலிருந்து இறங்கி வந்தான். நெற்றியில் மூன்று கோடு திருநீறு. வள்ளத்தைத் தள்ளுமுன் குனிந்து கடல் தண்ணீரைத் தொட்டான். தொட்ட கையால் நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று சிலுவை போட்டான். அதுவும் இடது கையால்.

கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்த அம்மா, வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்திவிட்டார். எனக்கு மறுபக்கத்தில் இருந்த ரீத்தா மச்சாள், அண்ணனின் மனைவி, உள்ளே இழுத்த மூச்சை வெளியே விடவில்லை.

"அது அந்தோனியெல்லோ?" என்று பின்னாலிருந்து ஒரு ஆண்குரல் கேட்டது.

அன்று காலைத் தேவாலயப் பூசையில்தான் ரீத்தாவின் மறுமணத்துக்கான இரண்டாவது அறிவித்தலைச் சாமியார் வாசித்திருந்தார். மாப்பிள்ளை சந்தியோகு ஆண்கள் பக்கத்தில் தூணோடு சாய்ந்து இருந்தார். அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. ரீத்தாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஊர், ஒரு வருத்தம், ஒரு விருந்தாளி

போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியதை வாசித்த ஒரு அம்மணி, "தொடரே பார்க்கிறதில்லை என்கிற உங்களுக்கு நடிகர்களைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டிருக்கிறார். அம்மணி, ஒரு காலத்தில் நான் பார்த்த அளவுக்கு நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். ஏன் விட்டேன் என்பதைத்தான் இந்தக் கிழமை சொல்ல வந்தேன்.

எங்கள் தீவுக்குக் கொழும்பு எட்டாது, இந்தியா எட்டும். கொழும்பு நிகழ்ச்சியைத் திருப்பினால் பெட்டிக்குள் அரிசி கொதிக்கும். அன்ரெனாவைக் கடல் பக்கம் திருப்பினால் அக்கரை பளிச்சென்று வந்து நிற்கும். மீரான் நானா கருவாட்டு வியாபாரி. கொழும்புக்குக் கருவாடு ஏற்றிய லொறியில், திரும்பி வரும்போது ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டியை வாங்கிவந்தார். பனைமரத்து உச்சியில் அன்ரெனா, லொறி பற்றரியில் மின்சாரம். அதன் பிறகு ஞாயிறு பின்னேரங்களில் அவர் வீடு அவருடையதாக இருக்கவில்லை.

நாங்கள் தவம் கிடந்தது ஒரே ஒரு தொடருக்கு. ஒரு பெண் டாக்குத்தர் ஊர் ஊராகப் போவார். ஒவ்வொரு கிழமையும் ஒரு ஊர், ஒரு வருத்தம், ஒரு விருந்தாளி நடிகர். வருத்தம் வந்த நோயாளி அந்த விருந்தாளிதான். சினிமாவில் கதாநாயகியோடு மரத்தைச் சுற்றி ஓடியவர் இங்கே வந்து கட்டிலில் கிடந்து இருமுவார். வில்லனாக எத்தனையோ பேரை அடித்துப் போட்டவர், ஊசியைக் கண்டு கண்ணை மூடிக்கொள்வார்.

முடிவில் அடுத்த கிழமை யார் வருவார் என்று முகத்தைக் காட்டுவார்கள். கிழமை முழுக்க எங்களுக்கு அதுதான் கதை. தண்ணீர் அள்ளும்போதும் அதே கதை, மீன் காயவைக்கும்போதும் அதே கதை. அவர் என்ன வருத்தத்தோடு வருவார், பிழைப்பாரா மாட்டாரா என்று பந்தயம் கட்டாத பெண்ணே எங்கள் ஒழுங்கையில் இல்லை.

அந்த ஞாயிறு வரப்போவதாகச் சொல்லியிருந்தது ஒரு பழைய அம்மா நடிகை. அம்மாவுக்கு அவர் மேல் உயிர். "அவ அழுதா நான் அழாம இருக்கேலாது" என்று சொல்லி, கண் துடைக்க ஒரு துண்டையும் மடியில் வைத்துக்கொண்டு அன்றைக்கு முதல் ஆளாக வந்து குந்தியிருந்தார்.

முள்ளிக்குளத்தில் ஒதுங்கிய வள்ளம்

அண்ணன் தொலைந்த கதையை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு வாடைக் காற்றுக் காலத்தில் தனியாக வள்ளத்தை எடுத்துக்கொண்டு போனான். போனவன் வரவில்லை. அடுத்த கிழமை வள்ளம் மட்டும் தெற்கே முள்ளிக்குளத்துக் கரையில் குப்புறக் கிடந்ததாக ஆள் வந்து சொன்னது. அம்மாவும் ரீத்தாவும் முசலிப் பக்கம் முழுக்கக் கரை கரையாக நடந்தார்கள். அவன் இடுப்பில் கட்டியிருந்த சாரம்கூடக் கிடைக்கவில்லை.

கடலுக்குப் போகிறவனைச் சுட்டுப்போட்டாலும் கேட்க ஆள் இல்லாத போர்க்காலம் அது. சுட்டார்கள் என்றார்கள் சிலர், சுழலில் போனான் என்றார்கள் சிலர். நாங்கள் எதை நம்பினாலும் முடிவு ஒன்றாகத்தான் இருந்தது.

அவனுடைய இடது கைச் சிலுவையைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் கரையில் வள்ளம் தள்ளுமுன் கடல் தண்ணீரைத் தொட்டுச் சிலுவை போடாத மீனவன் இல்லை. அண்ணனுக்கு இளவயதில் கரைவலை இழுக்கும்போது வலது தோள் மூட்டு விலகி, பிறகு அந்தக் கை நெஞ்சுக்கு மேலே எழும்பாமலே போய்விட்டது. ஆகவே இடது கையால் போடுவான். முன்பிருந்த சாமியார் ஒருவர் அதைக் கண்டு, "ஆண்டவருக்கும் பீச்சாங்கையோ?" என்று கோயில் வாசலில் வைத்து ஏசியிருக்கிறார். அண்ணன் சிரித்துக்கொண்டு, "மற்றக் கை லீவில நிக்குது சாமி" என்றான். ஊர் முழுக்க அறிந்த கதை இது.

ரீத்தாவுக்குத் தாய் தகப்பன் இல்லை. பிள்ளையும் இல்லை. அண்ணன் போன பிறகும் எங்களோடுதான் இருந்தாள். அம்மா அவளை மருமகளாக நடத்தியதைவிட மகளாக ஏசியதுதான் கூட. அந்த ஏச்சோடு ஏச்சாக, அவளுக்கு இரண்டாம் கலியாணம் பேசியதும் அம்மாதான். சந்தியோகு மீனுக்கு ஐஸ் போடுகிற வாடியில் வேலை செய்தவர். மனைவியைப் பிரசவத்தில் இழந்தவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் சொன்ன சொல் மாறமாட்டார்.

அண்ணனின் உடல் கிடைக்காததால் அந்தக் கலியாணம் இலேசில் கூடிவரவில்லை. அவன் இறந்துதான் போனான் என்று திருச்சபை மேலிடம் ஏற்றுக்கொள்ள, சாட்சிகள் போய்ச் சொல்லவேண்டியிருந்தது. முதல் சாட்சி அம்மா. பெற்ற வாயாலேயே பிள்ளை செத்தான் என்று சொல்லிவிட்டு வந்த அன்று அம்மா சோறு தின்னவில்லை. அதன் பிறகுதான் மூன்று ஞாயிறு அறிவித்தல் வாசிக்கத் தொடங்கினார்கள். தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து சொல்லவேண்டும் என்பது வழக்கம். இரண்டு ஞாயிறு முடிந்த நிலையில், தடை தானே திருநீறு பூசிக்கொண்டு பெட்டிக்குள் வந்து நின்றது.

தண்ணீர்ச் செம்பு

இப்போதுபோல நிறுத்தி, திருப்பிப் போட்டுப் பார்க்க வழியில்லை. போனால் போனதுதான். கண் இமைக்கவும் பயமாக இருந்தது.

ஓடக்காரன் டாக்குத்தரை ஏற்றிக்கொண்டு ஒரு சின்னத் தீவுக்குப் போனான். அங்கே அந்த அம்மா நடிகை காய்ச்சலில் கிடந்தார். அவரைத் தூக்கி வந்து வள்ளத்தில் கிடத்தினான். நடிகை அவன் தலையில் கை வைத்து, "நல்லா இருப்பா, என் ராசா" என்றார்.

"எடி, கையை எடடி" என்றார் அம்மா. பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

ஓடக்காரன் இரண்டு வசனம் பேசினான். குரல் அண்ணனுடையது இல்லை. யாரோ இந்தியாக்காரர் பின்னாலிருந்து பேசியிருந்தார்கள். ஆனால் நடை அவனுடைய நடை. துடுப்புப் போடும்போது வலது தோளைச் சாய்த்து உடம்பால் தள்ளுகிற விதமும் அவனுடையது. நாடகக்காரர்கள் அக்கரையில் யாரோ உண்மையான கடல்தொழிலாளியைப் பிடித்து நெற்றியில் திருநீற்றைப் பூசி விட்டிருக்கிறார்கள். அவன் கை மட்டும் தன் வழக்கத்தை மறக்கவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இரிங்க" என்று மீரான் நானா அதட்டினார். அதற்கு அவசியம் இருக்கவில்லை, விறாந்தையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

கடைசியில் ஓடக்காரன் குடிசைக்குத் திரும்பினான். வாசலில் ஒரு பெண். வயிறு நிறைமாதமாக இருந்தது. செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தான். செம்பைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, கடலைப் பார்த்தபடி, அவள் சேலைத் தலைப்பை எடுத்து வாயைத் துடைத்தான். பிறகு டாக்குத்தர் காரில் ஏறிப் போனார், பெயர்கள் ஓடின.

சந்தியோகு எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா என்னைக் கட்டிப்பிடித்து, "என்ர பிள்ளை இருக்கிறான்ரி, என்ர பிள்ளை இருக்கிறான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் அழுதேன். சந்தோசமா பயமா என்று தெரியாத அழுகை. ரீத்தாவின் முகத்தில் ஈயாடவில்லை.

சேலைத் தலைப்பு

அடுத்த சில நாள் எங்கள் வீடு கலியாண வீடு மாதிரியும் இருந்தது, செத்த வீடு மாதிரியும் இருந்தது. அம்மா கோயிலுக்கு ஓடிப்போய் மெழுகுதிரி கொளுத்தினார். வந்தவர்களுக்கெல்லாம் சீனி போட்ட தேத்தண்ணி கொடுத்தார். "புனித அந்தோனியார் காணாமப் போனதைக் காட்டித் தந்திட்டார்" என்றார். வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, போகும்போது ரீத்தாவை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

புருசன் உயிரோடு இருக்கும்போது ரீத்தா இன்னொருவரைக் கட்ட முடியாது. அவன் எங்கே, யாரோடு இருந்தாலும் சரி. அது கோயில் சட்டம். அது ஒருவருக்கும் தெரியாததல்ல.

புதன்கிழமை பின்னேரம் சந்தியோகு வந்தார். உள்ளே வரவில்லை, முற்றத்தில் நின்றார். ரீத்தா வெளியே போனாள். அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். குசினியின் மட்டைக் கதவினூடாக எல்லாம் கேட்டது.

"தலைமன்னாரில ஆக்களைக் கேட்டனான்" என்றார் சந்தியோகு. "அக்கரைக்குப் போற வள்ளம் இருக்கு. நான் போய் அவரைத் தேடிக் கூட்டிக்கொண்டு வாறன்."

"கூட்டிக்கொண்டு வந்து?"

"உங்களட்ட விட்டிட்டு நான் போயிடுறன்."

"வேண்டாம்" என்றாள் ரீத்தா. "அவர் வழி தெரியாம நிக்கேல்ல."

"அது நடிப்பெல்லோ, ரீத்தா. அந்தப் பொம்பிளையும் நடிக்க வந்தவவாத்தான் இருக்கும்."

ரீத்தா தன் சேலைத் தலைப்பைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நடிக்கிறவன் தலைப்பு எங்க கிடக்கெண்டு பாத்துத்தான் எடுப்பான். அவர் பாக்கேல்ல. கடலைப் பாத்துக்கொண்டு கையை நீட்டினார், தலைப்பு கையில வந்திட்டுது. என்ர தலைப்பையும் அப்பிடித்தான் எடுக்கிறவர். கட்டி ஒரு வருசத்துக்குப் பிறகுதான் அந்தப் பழக்கம் வந்தது. முதல் வருசம் எங்கயெண்டு தடவித்தான் எடுத்தவர்."

குசினியில் கத்தி நின்றுவிட்டது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வெட்டிய விளைமீன், அதன் மேல் கை, கையில் கத்தி.

எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை மறைக்கமாட்டேன். ரீத்தாவின் மேல்தான் ஆத்திரம். உயிரோடு கிடைத்தவனை ஒரு சேலைத் தலைப்பை வைத்து எப்படி அளக்கலாம் என்று நினைத்தேன். அவன் பயத்தில் ஒளித்திருக்கலாம். வந்தால் பிடிப்பார்கள் என்று யாராவது சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கரை அகதி முகாம்களிலிருந்து அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் வாய்வழியாகச் சேதி சொல்லி அனுப்பினார்கள். இருக்கிறேன் என்ற ஒரு சொல், யாரிடமாவது. அதைக்கூட அவன் அனுப்பவில்லை. வள்ளம் தானாகக் கவிழ்ந்ததா, அவனே கவிழ்த்து விட்டானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

சாமியாரின் அறை

சனிக்கிழமை பங்குச் சாமியார் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். அவர் வேறு ஊர்க்காரர், வந்து சில மாதம்தான். அண்ணனைக் கண்டதே இல்லை. நானும் அம்மாவோடு போனேன்.

"இருங்கோ அம்மா" என்று கதிரையைக் காட்டினார். "ஊரெல்லாம் ஒரு கதை திரியுது. நாளைக்கு மூண்டாவது அறிவித்தல் வாசிக்கிறதோ விடுறதோ எண்டு நான் முடிவெடுக்கவேணும். நீங்கள் பெத்தனீங்கள். ரீவியில வந்தது உங்கட மகனோ?"

அம்மா கதிரையில் இருக்கவில்லை.

"இல்லை, சாமி" என்றார்.

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. சாமியாரும் திடுக்கிட்டுத்தான் போனார். "நீங்கள்தானே அம்மா கோயில்ல வந்து மெழுகுதிரி கொளுத்தினது?"

"பெத்த மனம் சாமி. ஆசையில பாத்தனான். பிறகு யோசிச்சுப் பாத்தா அவன் இல்லை. குரலும் வேற."

"இடது கையால சிலுவை போட்டதாச் சொல்லுறாங்கள்."

"உலகத்தில என்ர மகனுக்கு மட்டுமோ இடது கை இருக்கு?"

சாமியார் என்னைப் பார்த்தார். "நீ என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"அவளுக்குத் தூரம் தெரியாது, சாமி" என்றார் அம்மா, நான் வாயைத் திறக்குமுன். "கண்ணாடி எடுத்துக் குடுக்கவேணும்."

என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் அம்மாவை மறித்தேன். "ஏனம்மா இப்பிடிச் சொன்னனீங்கள்? அண்ணன் இருக்கிறான். இருக்கிறவனைக் கொல்லுறியள்."

"கத்தாத" என்றார் அம்மா. "அவன் எங்களைச் சாக விட்டிட்டுப் போய் இருக்கிறான். அவனுக்கு அங்க ஒரு வீடு இருக்கு, வாசல் இருக்கு, பிள்ளையும் வரப்போகுது. இவளுக்கு என்ன இருக்கு? நான் செத்தா நீயோ பாப்பாய்?"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார்.

மூன்றாம் ஞாயிறு

மறுநாள் கோயில் நிரம்பி வழிந்தது. பெருநாளுக்கும் வராதவர்கள் வந்திருந்தார்கள். பிரசங்கம் யார் காதிலும் ஏறவில்லை.

சாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். சந்தியோகுவின் பெயர், அவர் தகப்பன் பெயர். பிறகு "காலம்சென்ற அந்தோனியின் விதவை ரீத்தா" என்றார். தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்றார். வழக்கமாக அந்த இடத்தில் நிறுத்தமாட்டார்கள், அடுத்த அறிவித்தலுக்குப் போய்விடுவார்கள். அன்று அவர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார்.

அம்மா எழுந்தார்.

ரீத்தா என் கையைப் பிடித்தாள். பெற்றவள் மனம் மாறிவிட்டாள், இப்போது சொல்லப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். கோயில் முழுக்க அப்படித்தான் நினைத்திருக்கும்.

அம்மா சாமியார் பக்கம் பார்க்கவில்லை. பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சனத்தின் பக்கம் திரும்பினார். பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மீரான் நானாவின் விறாந்தையில் இருந்த முகங்கள்தான் எல்லாம். எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்த முகங்கள். அவர் பார்வை பட்ட இடத்தில் தலைகள் குனிந்தன. ஒருவர் செபமாலையை எடுத்து உருட்டத் தொடங்கினார். இன்னொருவர் பக்கத்துப் பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட்டார்.

ஒரு வாயும் திறக்கவில்லை. ஒரு கதையை மூன்று ஒழுங்கைக்கு விற்கிற சனம், அத்தனை பேரும் கண்ணால் கண்டதை மென்று விழுங்கிக்கொண்டு இருந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு புல்லரிக்கும். அது பாவமா புண்ணியமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

சாமியார் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு அடுத்த அறிவித்தலை வாசித்தார். அம்மா தன் இடத்தில் குந்தினார்.

பிறகு கேள்விப்பட்டேன், தாராபுரத்துக் கடையில் யாரோ வெளியூர்க்காரர் மீரான் நானாவிடம் விசாரித்தாராம். "அண்டைக்குச் சரியான காத்து. படம் ஒண்டும் தெளிவில்ல" என்றாராம் நானா. நான் அதன் பிறகு அந்த விறாந்தைக்குப் போகவில்லை. வேறு எந்தப் பெட்டிக்கு முன்னாலும் இருக்கப் பிடிக்கவில்லை.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். ரீத்தா உடுப்பு மாற்ற அறைக்குள் போனாள். நான் அம்மாவோடு பேசுவதில்லை என்ற தீர்மானத்தில் இருந்தேன். அம்மா குசினிக்குள் போய்த் தேங்காயை உடைத்து, திருவலைப் பலகையில் குந்தித் திருவத் தொடங்கினார். பாதி திருவியதும் கை நின்றது. அறைப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"பிள்ளை, அவன் நல்லா மெலிஞ்சு போனான், என்ன?"